மீட்பு ஹெலிகாப்டரைக் குத்தகைக்கு விட்டால் கடலில் நிற்பவனுக்கு என்ன மாறும்?

பாம்பன்வாசி கேட்டது:

சென்ற வாரம் தங்கச்சிமடத்தில் ஒரு திருமண விருந்தில் எழுந்த வாக்குவாதத்தை இங்கே கொண்டுவருகிறேன். அங்கே சத்தம் அதிகமாகவும் தகவல் குறைவாகவும் இருந்தது. பிரிட்டனில் கடலில் தவிப்பவர்களைத் தூக்கிவரும் ஹெலிகாப்டர் சேவை முழுவதையும் படைகளிடமிருந்து எடுத்துத் தனியார் நிறுவனத்திடம் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள் என்றும், அதேபோல் இங்கும் விட்டால் போன் போட்ட அரைமணி நேரத்தில் தலைக்கு மேல் வந்து நிற்பார்கள் என்றும் ஒருவர் அடித்துச் சொன்னார். எதிர் இலையில் இருந்த பெரியவர், உயிர் காக்கும் வேலையைக் காசுக்கு விட்டால் காசில்லாதவன் கடலோடு போகவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு, பாயசத்துக்குக் காத்திராமல் எழுந்து போய்விட்டார்.

நான் நாட்டுப்படகுக் குடும்பத்தில் பிறந்து இப்போது பள்ளியில் பாடம் நடத்துகிறவன். இந்தப் பேச்சு எனக்கு வெறும் பட்டிமன்றத் தலைப்பாகப் படாததற்குக் காரணம் உண்டு. போன வாடைக்காலத்தில் எங்கள் தெருவைச் சேர்ந்த நான்கு பேர் போன ஃபைபர் வள்ளம், தென்கடலில் எஞ்சின் நின்று ஓர் இரவு முழுவதும் காற்று தள்ளிய பக்கமெல்லாம் போனது. முதலில் தகவல் சொன்ன அலுவலகத்தில் வேறோர் அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே படகின் பதிவு எண்ணைக் கேட்டார்கள். அதைத் தேடி எடுத்துச் சொல்வதற்குள் நள்ளிரவு தாண்டிவிட்டது. விடிந்த பிறகு மூக்கையூர்ப் பக்கம் வந்த ஒரு விசைப்படகுதான் அவர்களைக் கண்டு கயிறு கட்டி இழுத்து வந்தது.

பிரிட்டனில் உண்மையில் நடந்தது என்ன, அதனால் சேவை மேம்பட்டதா, கெட்டதா, நம் ராமநாதபுரம் கரைக்கு அது பொருந்துமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கீழக்கரைக்காரன் எழுதியது:

ஐயா, ஸ்காட்லாந்தின் அபர்தீனில் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆள் ஏற்றும் ஹெலிகாப்டர்களின் பராமரிப்புப் பட்டறையில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். ஒரே நாளில் படையிடமிருந்து பிடுங்கித் தனியாரிடம் கொடுத்துவிடவில்லை. பிரிட்டிஷ் கடலோரக் காவல் அமைப்பு 1983-லேயே வடகோடியில் உள்ள ஷெட்லாந்துத் தீவுகளில், சம்பர்க் என்னுமிடத்தில், பிரிஸ்டோ என்ற நிறுவனத்தின் ஹெலிகாப்டரை ஒப்பந்தத்தில் வைத்திருந்தது. அந்த நிறுவனம் வடகடல் எண்ணெய்த் தொழிலில் வளர்ந்தது. (வடகடல் என்றதும் நம்மவர்களுக்குப் பாக் விரிகுடா நினைவுக்கு வரும், நான் சொல்வது ஐரோப்பாவின் வடகடலை.) அலையில் ஆடும் மேடைகளில் மூடுபனியிலும் புயற்காற்றிலும் இறங்கிப் பழகிய விமானிகளும், உப்புக்காற்றில் எஞ்சினைக் காப்பாற்றத் தெரிந்த பராமரிப்பு ஆட்களும் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். விமானப்படையும் கடற்படையும் மஞ்சளும் சிவப்புமாகப் பூசிய சீ கிங் ஹெலிகாப்டர்களோடு மற்றக் கரைகளைப் பார்த்துக்கொண்டன. ஆக, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இரண்டு முறைகளும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின.

சீ கிங்குகள் 1970-களின் பிற்பகுதியிலிருந்து பறந்து பறந்து முதுமையடைந்தபோதுதான் முழுவதையும் ஒரே ஒப்பந்தமாக்கும் பேச்சு வலுத்தது. முதல் முயற்சி அவமானத்தில் முடிந்தது. சுமார் 600 கோடி பவுண்டு மதிப்பில் 25 ஆண்டுகளுக்குத் திட்டமிட்டு, ஒரு கூட்டமைப்பை 2010-இல் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பிறகு ஏலத்தை மதிப்பிட்ட அரசுக் குழுவின் ரகசியத் தகவல்கள் அந்தக் கூட்டமைப்பின் உறுப்பு நிறுவனம் ஒன்றின் கைக்குப் போயிருந்தது தெரியவந்து, 2011 பிப்ரவரியில் அனைத்தையும் ரத்து செய்தார்கள். டெண்டர் கசிவது நம் ஊர் வழக்கம் மட்டும்தான் என்று எண்ணியிருந்த எனக்கு அது ஒரு வகையில் ஆறுதலாகக்கூட இருந்தது.

இரண்டாம் முறை சற்று அடக்கமாகச் செய்தார்கள். 2013 மார்ச்சில் அதே பிரிஸ்டோவுக்கு, சுமார் 160 கோடி பவுண்டுக்கு, பத்துத் தளங்களுடன் ஒப்பந்தம் கிடைத்தது. 2015-இலிருந்து தளங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின. அதற்கு முன்பு இருந்தவை பன்னிரண்டு தளங்கள். இரண்டு தளங்கள் குறைந்தது பற்றி அந்தந்தக் கரைகளில் பெரும் மனக்கசப்பு இருந்தது. அரசு தரப்பு, புதிய எஸ்-92, ஏ.டபிள்யூ.189 ஹெலிகாப்டர்கள் சீ கிங்கைவிட வேகமானவை, ஆகவே போய்ச்சேரும் நேரம் சராசரியாகக் குறையும் என்று வாதிட்டது. சராசரி குறைந்தாலும், மூடப்பட்ட தளத்துக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு அது ஆறுதல் அல்ல என்பதை யாரும் மறுக்க முடியவில்லை.

பயந்த அளவுக்குச் சேவை கெட்டுவிடவில்லை என்பதே நான் நேரில் கண்டது. பகலில் அழைப்பு வந்த 15 நிமிடத்திலும் இரவில் 45 நிமிடத்திலும் மேலெழும்ப வேண்டும் என்ற கணக்கு முன்பு படைக்கும் இருந்தது, பின்பு ஒப்பந்தக்காரருக்கும் இருந்தது. புதிய நிறுவனத்தில் சேர்ந்த விமானிகளிலும் கம்பிவடத்தில் இறங்குகிறவர்களிலும் பலர் படையிலிருந்து வந்தவர்களே. மீட்கப்பட்டவரிடம் ஒரு காசும் வாங்குவதில்லை; உங்கள் விருந்துப் பெரியவரிடம் இதை மட்டுமாவது சொல்லிவிடுங்கள். 2022-இல் அடுத்த பத்தாண்டு ஒப்பந்தமும் அதே நிறுவனத்துக்கே போனது. ஏறக்குறைய நாற்பது ஆண்டு அனுபவம் ஒரே வீட்டில் சேர்ந்துவிட்டால், அடுத்த ஏலத்தில் எதிரே நிற்க ஆள் இருப்பாரா என்பது என் மனத்தில் இன்னும் தீராத கேள்வி.

உச்சிப்புளி ஓய்வூதியர் எழுதியது:

தம்பி கீழக்கரைக்காரன் எழுதியதில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கடல் வேறு, இந்தக் கடல் வேறு. சீருடையில் இருந்த காலத்தில் இத்தகைய தேடல்களில் பங்கெடுத்தவன் என்பதால் சில செய்திகளைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நம் நாட்டில் கடல் தேடல் மீட்புக்குப் பொறுப்பு, 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்தியக் கடலோரக் காவல்படையிடம் இருக்கிறது. மும்பை, சென்னை, போர்ட் பிளேர் ஆகிய மூன்று இடங்களில் ஒருங்கிணைப்பு மையங்கள் உள்ளன. நம் கரை சென்னை மையத்தின் கீழ் வருகிறது. 1554 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம். ஆசிரியர் ஐயாவின் தெருக்காரர்கள் அன்றிரவு முதலில் இந்த எண்ணை அழைத்திருந்தால் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் காட்டும் அலைச்சல் குறைந்திருக்கும். அந்த எண்ணை ஒவ்வொரு வள்ளத்தின் உள்பக்கத்திலும் பெயிண்டால் எழுதி வைக்க எத்தனை ரூபாய் ஆகிவிடும்?

பாக் நீரிணையின் பெரும்பகுதி ஆழம் குறைந்தது. பெரிய கப்பல் பல இடங்களில் நெருங்க முடியாது. அதனால்தான் மண்டபத்தில், காற்று மெத்தையில் நீர்மேலும் மணல்மேலும் ஓடும் ஹோவர்கிராஃப்ட் வைத்திருக்கிறார்கள். 2022 மார்ச்சில் இலங்கையிலிருந்து வந்து அரிச்சல்முனைக்கு அப்பால் மணல்திட்டில் இறக்கிவிடப்பட்ட குடும்பத்தினரை, குழந்தைகளோடு, அந்த வண்டியில்தான் ஏற்றி வந்தார்கள். இங்கே தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே முப்பது கிலோமீட்டருக்குக் குறைவாகவே இருக்கும். எஸ்-92 போன்ற ஹெலிகாப்டர் 250 கடல் மைல் போய்த் திரும்பும் என்பது அட்லாண்டிக்கில் பெருமை; நமக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது.

எடையையும் பார்க்க வேண்டும். எஸ்-92 ஏறத்தாழ 12 டன். அது தலைக்கு மேல் நின்றால் இறங்கும் காற்று நம் ஃபைபர் வள்ளத்தைக் கவிழ்த்துவிடக்கூடும். 2022-இல் பிளிமத் நகர மருத்துவமனை ஒன்றில் அப்படியொரு ஹெலிகாப்டர் இறங்கியபோது, வாகன நிறுத்துமிடத்தில் நடந்துகொண்டிருந்த ஒரு மூதாட்டி அந்தக் காற்றில் தூக்கி வீசப்பட்டு உயிரிழந்தார். நம் கடலோரக் காவல்படையின் சிறிய ஹெலிகாப்டரான சேத்தக் இரண்டேகால் டன்தான். ஆனால் அதில் எத்தனை பேரை ஏற்றுவது? துருவ் ஹெலிகாப்டர் இடைப்பட்டது, ஐந்தரை டன். இந்தக் கடலுக்கு அதுவே பொருத்தம் என்று நான் நம்பிவந்தேன். 2024 செப்டம்பரில், எண்ணெய்க் கப்பல் ஒன்றிலிருந்து காயம்பட்ட மாலுமியை எடுக்கப் போன துருவ் போர்பந்தருக்கு அப்பால் கடலில் விழுந்தது. 2025 ஜனவரியில் போர்பந்தர் விமான நிலையத்திலேயே இன்னொன்று விழுந்தது. அதன்பின் நாடு முழுவதும் அந்த வகை அனைத்தையும் தரையில் நிறுத்தினார்கள். இறந்தவர்களில் என் பழைய அலகைச் சேர்ந்தவர் இல்லை என்றாலும், அந்தச் செய்தியைப் படித்த நாளை மறக்க முடியவில்லை. ஒரே வகையை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே சாட்சி. பிரிட்டிஷ் ஒப்பந்தத்தில் இரண்டு வகை இருந்ததை நான் கவனித்தேன், அது புத்திசாலித்தனம்.

என் முக்கியமான மறுப்பு எல்லைக்கோடு. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974, 1976 கடல் எல்லை ஒப்பந்தங்களின் கோடு நம் கரையிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருக்கிறது. காற்றில் அடித்துச்செல்லப்படும் படகு கோடு பார்த்து நிற்காது. அந்தப் பக்கம் தேட வேண்டுமென்றால் சென்னை மையம் கொழும்பு மையத்தோடு பேச வேண்டும். கொழும்பு மையத்தை இலங்கைக் கடற்படை நடத்துகிறது. இரு பக்கமும் படை பேசிக்கொள்ளும் இடத்தில் நடுவே ஒரு தனியார் விமானி, நள்ளிரவில், கோட்டுக்கு அரை மைல் தூரத்தில் என்ன செய்வார்? அவருடைய நிறுவனத்தின் காப்பீட்டுக்காரர் என்ன சொல்வார்? உச்சிப்புளியில் 2009-லிருந்து கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து வான்தளம் இருக்கும்போது, ஓடுபாதைக்கு வெளியே இன்னொரு கொட்டகை போட்டு ஒப்பந்தக்காரரை உட்கார வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பாம்பன்வாசி எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஐயா சொன்னதைக் கேட்டபின் எனக்கு ஒரு சந்தேகம் கூடியிருக்கிறது. ஹெலிகாப்டரை அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்பவர் யார்? பணம் வாங்கும் நிறுவனமே முடிவு செய்தால், எரிபொருள் மிச்சம் பார்த்து வேண்டாம் என்றுதானே சொல்லும்? அல்லது, காசுக்காகத் தேவையில்லாமலும் பறக்குமோ?

மண்டபம் வழக்கறிஞர் எழுதியது:

ஐயா கேட்ட கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பு தலைப்பில் உள்ள ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்கிறேன், தொழில் பழக்கம், மன்னிக்கவும். குத்தகை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு கண்மாயின் மீனைக் குத்தகைக்கு எடுத்தவர் அரசுக்குப் பணம் கட்டி, மீனை விற்று லாபம் பார்ப்பார். இங்கே நிலைமை தலைகீழ். அரசு பணம் கட்டுகிறது, நிறுவனம் வேலை செய்கிறது, மீட்கப்பட்டவர் யாருக்கும் எதுவும் தருவதில்லை. ஆகவே ஒப்பந்தச் சேவை என்பதே சரி. குத்தகை என்ற சொல்தான் உங்கள் பெரியவரைப் பாயசம் இல்லாமல் எழுப்பிவிட்டிருக்கும்.

பிரிட்டனில் எப்போது பறப்பது என்பதை நிறுவனம் முடிவு செய்வதில்லை. அழைப்பை எடுப்பதும், எந்தத் தளத்திலிருந்து எதை அனுப்புவது என்று கட்டளையிடுவதும் அரசின் கடலோரக் காவல் அமைப்பே. வானிலையில் பறக்க முடியுமா என்பதை மட்டும் விமானி தீர்மானிப்பார்; அது எந்தப் படையிலும் அப்படித்தான். கட்டணத்தின் பெரும்பகுதி, பறந்தாலும் பறக்காவிட்டாலும், ஆயத்தமாக இருப்பதற்கான நிலையான தொகை. பறந்த மணிக்கணக்குக்கு ஏற்ற பகுதி சிறியது. இந்த ஒரு ஏற்பாடு ஐயாவின் இரண்டு பயங்களையும் பெருமளவு தணிக்கிறது. தீயணைப்பு வண்டிக்குத் தீப்பிடித்த எண்ணிக்கையைப் பார்த்து நாம் சம்பளம் கொடுப்பதில்லையே.

இதற்காக நாம் அபர்தீன் வரை போகவும் வேண்டியதில்லை. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவையை ஓட்டுவது அரசு அல்ல, அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்ட ஒரு நிறுவனம். பரமக்குடிச் சாலையில் விபத்தில் கிடக்கிறவர் அதை நினைத்துப் பார்ப்பதில்லை. வண்டி வருகிறதா என்று பார்க்கிறார். அதே சமயம் அந்த ஊழியர்கள் ஊதியத்துக்காகவும் வேலைநேரத்துக்காகவும் போராடும்போது, அரசு நிறுவனத்தைக் காட்டுவதையும் நிறுவனம் அரசைக் காட்டுவதையும் நாம் பார்த்திருக்கிறோம். ஒப்பந்தச் சேவையின் உண்மையான ஓட்டை அங்கேதான் இருக்கிறது. விலையைப் பற்றிய சண்டையில் இந்த ஓட்டை கண்ணுக்குப் படுவதில்லை.

அயர்லாந்தில் அந்த ஓட்டைக்கு நான்கு உயிர்கள் விலையாயின. அங்கும் மீட்பு ஹெலிகாப்டர்கள் ஒப்பந்தத்தில்தான் ஓடின. 2017 மார்ச் 14-ஆம் நாள் அதிகாலை, மேற்குக் கரைக்கு வெகுதூரத்தில் ஒரு மீன்பிடிக் கப்பலில் காயம்பட்ட மாலுமியை எடுக்கப் போன இன்னொரு ஹெலிகாப்டருக்குத் துணையாகச் சென்ற ரெஸ்க்யூ 116, எரிபொருள் நிரப்ப இறங்க வரும்போது பிளாக்ராக் என்ற தீவுப் பாறையில் மோதியது. விமானியை எச்சரிக்க வேண்டிய கருவியின் தரவுத்தளத்தில் அந்தத் தீவே இல்லை. நிறுவனம் தந்திருந்த வழிகாட்டிக் குறிப்பேட்டிலும் குறைகள் இருந்தன. 2021-இல் வெளிவந்த விசாரணை அறிக்கையில் நான் இரண்டு முறை படித்த பகுதி வேறு: மீட்புப் பறத்தலைக் கண்காணிக்கும் பொறுப்பு யாருடையது என்பதில் அரசு மட்டத்திலேயே குழப்பம் இருந்தது என்று அதில் எழுதியிருக்கிறது. பணம் கொடுத்தது ஒரு துறை, விமான உரிமம் பார்த்தது வேறோர் அமைப்பு, பறந்தது நிறுவனம். ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டார்கள்.

ஆகவே உச்சிப்புளி ஐயாவுடன் நான் பாதி வழி வருகிறேன். ஓட்டுபவர் சீருடையா தனியாரா என்பதைவிட, ஓட்டுபவரைச் சோதித்துப் பார்க்கத் தெரிந்த ஆட்கள் அரசுக்குள் மிஞ்சியிருக்கிறார்களா என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. முழுச் சேவையையும் வெளியே கொடுத்துவிட்டால், இருபது ஆண்டுகளில் அந்தத் தொழில் தெரிந்தவர் அரசிடம் ஒருவரும் இருக்க மாட்டார். அதன்பின் ஒப்பந்தக்காரர் எழுதித் தரும் அறிக்கையை ஒப்பந்தக்காரரே விளக்க வேண்டியிருக்கும்.

செலவையும் தோராயமாகக் கணக்கிட்டுப் பார்த்தேன். 160 கோடி பவுண்டைப் பத்து ஆண்டு, பத்துத் தளம் என்று வகுத்தால் ஒரு தளத்துக்கு ஆண்டுக்கு 1.6 கோடி பவுண்டு; பவுண்டுக்கு நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 160 கோடி ரூபாய். இங்கே சம்பளம் குறைவு என்றாலும், ஹெலிகாப்டரும் உதிரிப் பாகங்களும் உலக விலையில்தான் கிடைக்கும்.

கீழக்கரைக்காரன் எழுதியது:

வழக்கறிஞர் அம்மா சொன்ன அந்த இருபது ஆண்டுக் கணக்கு என்னைச் சற்று உலுக்கிவிட்டது. பிரிட்டனில் நான் பார்த்த நல்ல நிலைக்கு, படையில் பயின்றவர்கள் அப்போதுதான் வெளியே வந்திருந்ததும் ஒரு காரணம் என்பதை நான் எழுதாமல் விட்டுவிட்டேன். அந்தத் தலைமுறை ஓய்வு பெற்றபின் பயிற்சி முழுவதையும் நிறுவனமே கொடுக்க வேண்டும். அது முடியாதது அல்ல. ஆனால் ஏலத்தில் விலையைக் குறைக்க நினைப்பவர் முதலில் கை வைப்பது பயிற்சிப் பறத்தலில்தான் இருக்கும்.

சோளியக்குடி ஓட்டுநர் எழுதியது:

எல்லோரும் வானத்தைப் பார்த்துப் பேசுகிறீர்கள். நான் கடலில் இருந்து சொல்கிறேன். இருபத்தாறு ஆண்டுகளாக விசைப்படகு ஓட்டுகிறேன். இதுவரை என் படகு ஐந்து வள்ளங்களை இழுத்து வந்திருக்கிறது, என் படகை ஒரு முறை மற்றவர்கள் இழுத்து வந்திருக்கிறார்கள். எந்த ஹெலிகாப்டர் வந்தாலும் எங்கே தேடுவது என்று தெரியாவிட்டால் அது எண்ணெயைத்தான் எரிக்கும். ஒக்கிப் புயலின்போது, 2017-இல், குமரி மாவட்டத்து மக்கள் குழித்துறையில் ரயிலை மறித்ததற்குக் காரணம் ஹெலிகாப்டர் இல்லை என்பது மட்டும் அல்ல. தங்கள் ஆட்கள் எவ்வளவு தூரத்தில் இருப்பார்கள் என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை என்பதும்தான்.

இஸ்ரோ செய்த ஆபத்து அறிவிப்புக் கருவி 2010-லிருந்து இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகச் சென்னைக்கு இடம் தெரிந்துவிடும். 2024-இல் வந்த புதிய வகையில் செய்தி போய்ச்சேர்ந்தது என்ற பதிலும் திரும்பி வருகிறது. அந்தப் பதில் வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இரவில் எஞ்சின் நின்று கிடந்தவனுக்குத்தான் தெரியும். விசைப்படகுகளில், படகு இருக்கும் இடத்தைக் கரைக்குத் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டரும் பொருத்திவருகிறார்கள். நாட்டுப்படகுக்காரர்களில் பெரும்பாலோரிடம் இருப்பது செல்போன்தான். கரையிலிருந்து சற்றுத் தள்ளிப் போனால் சிக்னல் இல்லை. சில இடங்களில் நம் டவர் போய் இலங்கை டவர் பிடித்துக்கொள்ளும்.

லைஃப் ஜாக்கெட் பற்றி நான் பேச மாட்டேன். என் படகிலேயே அதைத் தலையணையாக வைத்துத் தூங்குகிறார்கள்.

பாம்பன்வாசி எழுதியது:

அண்ணே, நீங்கள் சொன்ன இலங்கை டவர் விவகாரம்தான் எங்கள் தெரு வள்ளத்துக்கும் நடந்தது. மாலையில் ஒருமுறை அழைப்பு வந்து, ரோமிங் கட்டணத்தில் இருப்பு தீர்ந்து பாதியிலேயே அறுந்துபோனது.

அடுத்து நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்தில் கொடுப்பதற்கு ஒரு மனு எழுதத் தொடங்கியிருக்கிறேன். தனியாரா படையா என்ற கேள்வியை அதில் நான் எழுப்பவில்லை. நாட்டுப்படகுகளுக்கும் அந்தக் கருவியை மானியத்தில் தர வேண்டும் என்பது ஒன்று. நம் கரையிலிருந்து போகும் ஒவ்வொரு அபாய அழைப்புக்கும் தகவல் வந்த நேரம், படகோ ஹெலிகாப்டரோ கிளம்பிய நேரம், இடத்தை அடைந்த நேரம் ஆகிய மூன்றையும் பதிவுசெய்து, மாதந்தோறும் மீன்வளத்துறை அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும் என்பது இன்னொன்று. வழக்கறிஞர் அம்மா, இரண்டாவது கோரிக்கையை யாருக்கு முகவரியிடுவது என்று சொன்னால் நாளையே நகல் எடுத்துவிடுவேன்.

மண்டபம் வழக்கறிஞர் எழுதியது:

மாவட்ட ஆட்சியருக்கு முகவரியிட்டு, நகலைச் சென்னை ஒருங்கிணைப்பு மையத்துக்கும் மீன்வளத்துறை உதவி இயக்குநருக்கும் அனுப்புங்கள். போன வாடையில் நடந்ததை, நேரம் குறித்து, அந்த நான்கு பேரின் கையெழுத்தோடு ஒரு பக்கத்தில் எழுதி இணைத்துவிடுங்கள். எந்த அலுவலகம் எந்த நேரத்தில் என்ன சொன்னது என்பதையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள்.